நிலாவோட நிஜ கலர் – சேச்சுரேஷனை ஏத்திப் பார்த்ததுல தெரிஞ்சது

நிலாவை கலர்ல எடுக்கணும்னு ஆரம்பிச்ச வேலை இப்போதான் ஒரு மாதிரி செட் ஆகியிருக்கு, அதனால இதுவரைக்கும் பண்ணினதை எழுதி வைக்கிறேன். நெட்ல நீலமும் காவியும் கலந்து ஒரு நிலா படம் சுத்துமே, அதைப் பார்த்தாலே "எல்லாம் ஃபோட்டோஷாப்புப்பா"ன்னு ஒருத்தர் சொல்லிடுவார். சாஃப்ட்வேர் வேலைதான், ஆனா சாயம் பூசுற வேலை கிடையாது. ரா ஃபைல்ல, அதாவது கேமரா மாத்தாம அப்படியே பதிவு பண்ற ஃபைல்ல, ஏற்கனவே இருக்குற கலரோட அடர்த்தியை (அதுதான் சேச்சுரேஷன்) ஏத்தித் தூக்கிக் காட்டுறாங்க. எவ்வளவு தூரம் உண்மைன்னு நானே பார்த்துடலாம்னு இறங்கினேன்.

முதல்ல க்ரே கார்டு டெஸ்ட். ஃபோட்டோ எடுக்குறவங்க வச்சிருப்பாங்களே அந்த 18 சதவீத சாம்பல் அட்டை, அதை உச்சி வெயில்ல வச்சு ஒரு படம், அப்புறம் பௌர்ணமி அன்னைக்கு நிலா நல்லா மேல ஏறினதும் அதே லென்ஸ் அதே அப்பர்ச்சர் அதே ஷட்டர் அதே ஐஎஸ்ஓ, ஒண்ணையும் தொடாம நிலாவை ஒரு படம். அட்டைக்கும் நிலாவுக்கும் வெளிச்சம் குடுக்குறது ஒரே சூரியன், சூரியன்ல இருந்து தூரமும் ஏறக்குறைய அதே தூரம், அதனால நேரா ஒப்பிடலாம். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா நிலாவோட கருப்புத் திட்டுப் பகுதியெல்லாம் அட்டையை விட நல்லாவே இருட்டு! நிலா மேல விழுற வெளிச்சத்துல சராசரியா 12 சதவீதம்தான் திரும்பி வருது, தேஞ்ச தார் ரோடு ரேஞ்சுதான் அது. சுத்தி கருப்பு வானம் இருக்குறதால நம்ம கண்ணு அதை வெள்ளைன்னு எடுத்துக்குது. சந்தேகமா இருந்தா 2015 ஜூலைல டிஸ்கவர் விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்து, பூமிக்கு முன்னாடி நிலா கடந்து போறதை எடுத்த படங்களைப் பாருங்க. பூமி பளபளன்னு இருக்கும், நிலா மங்கலா அழுக்குக் கலர்ல போகும். பால்நிலான்னு வர்ணிச்ச கவிஞர்களை நினைச்சா பாவமா இருக்கு.

அந்த அட்டைப் படத்தை வச்சே ஒயிட் பேலன்ஸும், அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளைன்னு எடுத்துக்கணும்ங்கிற செட்டிங்கும், போட்டேன். ஆட்டோல விட்டா கேமரா தன் இஷ்டத்துக்கு எல்லாத்தையும் சாம்பலாக்கிடும். வெயில் கலருக்கு ஃபிக்ஸ் பண்ணினா சாம்பல்ல லேசா ஒரு பழுப்பு ஓடுறது தெரியும். காத்து மண்டலம் இல்லாததால குட்டி விண்கல்லும் சூரியக் காத்தும் மண்ணை அடிச்சுக்கிட்டே இருக்கு, அதுல உண்டாகுற ரொம்ப ரொம்ப நுண்ணிய இரும்புத் துகள்தான் அந்தப் பழுப்புக்குக் காரணம். அங்க போயிட்டு வந்தவங்களே இதுல ஒத்துப்போகலை, அப்பல்லோ 8 குழு சாம்பல்னு சொன்னாங்க, அப்பல்லோ 10 குழு பழுப்புன்னாங்க. சூரியன் எந்த உயரத்துல இருக்கோ அதைப் பொறுத்து மாறுமாம். இதுதான் நிஜ கலர்னு ஒண்ணைக் கைகாட்டச் சொன்னா நான் "பழுப்பு கலந்த அடர் சாம்பல்"னு சொல்லுவேன், அவ்ளோதான்.

அடுத்து சேச்சுரேஷன். கலர் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், அதனால ஒத்தப் படத்துல ஏத்தினா நிலாவுக்கு முன்னாடி நாய்ஸ்தான் (படத்துல வர்ற புள்ளி புள்ளியான குப்பை) கலர் கலரா எழுந்து வரும். ஒரே செட்டிங்ல நிறைய ஃப்ரேம் எடுத்து ஆட்டோஸ்டாக்கர்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஸ்டாக் பண்ணணும், அதாவது எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே படமாக்கணும், நிலா அடிவானத்துகிட்ட கீழ இருந்தா ஒரு ஓரம் சிவப்பு மறு ஓரம் நீலம்னு விளிம்பு கட்டும், அதனால உச்சியில இருக்கும்போது எடுக்கணும், அப்பவும் சிவப்பு பச்சை நீலம் மூணு சேனலையும் ஒருதடவை அலைன் பண்ணிடறது நல்லது. அப்புறம் ஒரேயடியா இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா, திரும்பத் திரும்ப ஏத்தணும். டீடெயில் லேயரைத் தனியா எடுத்து வச்சுட்டு கலர் லேயரை மட்டும் லேசா ப்ளர் பண்ணினா நாய்ஸ் அடங்குது.

அப்படி வந்த படத்துல அமைதிக் கடலும் அதை ஒட்டி இருக்குற செரினிடாட்டிஸும் (ரெண்டும் பேருக்குத்தான் கடல், எரிமலைக் குழம்பு உறைஞ்ச சமவெளி) சேர்ற இடத்தைத்தான் ரொம்ப நேரம் ஜூம் பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். வெறும் கண்ணுக்கு ரெண்டும் ஒரே கருப்புத் திட்டுதான். இங்க அமைதிக் கடல் உலோக நீலம், செரினிடாட்டிஸ் செம்பழுப்பு, நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை. எரிமலைக் குழம்புல டைட்டானியம் ஜாஸ்தின்னா நீலம், கம்மின்னா பழுப்பு. 1969ல அப்பல்லோ 11 இறங்கினது இந்த நீலத்துலதான், அங்க எடுத்துட்டு வந்த பாறையில டைட்டானியம் ஏராளம்னு லேப்லயே தெரிஞ்சுது. செரினிடாட்டிஸ் ஓரத்துல 1972ல அப்பல்லோ 17 போனப்போ ஹாரிசன் ஷ்மிட் ஆரஞ்சு மண்ணையே பார்த்தார், எரிமலை பீய்ச்சின கண்ணாடித் துளி அது. அரிஸ்டார்க்கஸ் பள்ளத்துப் பக்கம் ஒரு கடுகு மஞ்சள் திட்டு வருது பாருங்க, அதுவும் எரிமலை சமாச்சாரம்தான்.

நம்ம ஆளுங்க செஞ்சது எவ்வளவு பெரிய வேலைன்னு இதைப் பண்ணும்போதுதான் உறைச்சுது. என் கேமரா பார்க்குறது மூணே மூணு கலர். 2008ல சந்திரயான்-1ல போன எம்3ங்கிற தாது ஆய்வுக் கருவி (அமெரிக்கக் கருவிதான், சுமந்துட்டுப் போனது நம்ம வண்டி) 85 அலைநீளத்துல பார்த்துச்சு, நிலா மண்ணுல தண்ணி மூலக்கூறு இருக்குன்னு 2009ல சொன்னதும் அதை வச்சுத்தான். நான் நீலம் பழுப்புன்னு குத்துமதிப்பா படிக்கிறதை அது தாது தாதுவா பிரிச்சுப் படிச்சிருக்கு. 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6:04க்கு சந்திரயான்-3ஓட லேண்டர் விக்ரம் இறங்கினதுக்கு அப்புறம் ரோவர் பிரக்யான் அனுப்பின படம் கருப்பு வெள்ளைதானேன்னு சலிச்சுக்கிட்டவங்க உண்டு. அந்த ரோவர் மண்ணுகிட்டயே போய் எக்ஸ்ரே வழியா தனிமம் தனிமமா அளந்துச்சு, அங்க அனார்த்தோசைட்ங்கிற வெளிர் பாறை வகைதான் ஜாஸ்தின்னு 2024ல ஆய்வுக் கட்டுரையே வந்துச்சு. நிலாவுல வெளிறித் தெரியற மேட்டு நிலம் முழுக்க அந்த வகைதான். அதே கல்லு நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில கிடைக்குது, அதை அரைச்சு செயற்கை நிலா மண்ணாக்கித்தான் இஸ்ரோ லேண்டர் ரோவரை ஓட்டிப் பார்த்தாங்க. மயில்சாமி அண்ணாதுரை, வனிதா, வீரமுத்துவேல்னு மூணு சந்திரயானுக்கும் ப்ராஜெக்ட் டைரக்டர் தமிழ்நாடு, மண்ணும் தமிழ்நாடு, இதுக்குப் பெருமைப்படாம எதுக்குப் படுறது!

விக்ரம் இருக்குற இடம் 69 டிகிரி தெற்கு, என் படத்துல அது ஓரத்துல நசுங்கி வெளிறின பட்டையா மட்டும் தெரியுது. பௌர்ணமியில நிழலே விழாததால பள்ளமும் பிரியலை. பூமியில இருந்து பார்த்தா நிலா மேலயும் கீழயும் 6.7 டிகிரி வரைக்கும் ஆடும், தெற்கு நம்ம பக்கம் சாயற நாளாப் பார்த்து பாதி நிலாவுல விக்ரம் பக்கத்துல இருக்குற மான்சினஸ் பள்ளத்தைச் சுத்தி நிழலோட ஒரு செட்டு எடுத்துட்டு, பௌர்ணமி செட்டுல இருந்து கலரை அதுமேல போடலாம்னு இருக்கேன், ரெண்டு நாளுக்கும் கோணம் மாறிடுறதால அலைன் ஆகுமாங்கிறதுதான் தலைவலி.