திதி பார்த்துக் கடலுக்கு: பந்திங் பக்கத்துக் கோடை

சித்திரை பிறந்தால் கத்திரி என்றைக்குத் தொடங்குகிறது என்று காலண்டரைப் புரட்டுவது தமிழ்நாட்டுப் பழக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங்குக்குக் குடிவந்த பிறகும் அதே தினசரிக் காலண்டர்தான் சுவரில் தொங்கும். ஆனால் இங்கே அதில் கத்திரியைத் தேடிப் பயனில்லை. திதியைப் பாருங்கள். கடலுக்கு எப்போது போகலாம், எப்போது போகக்கூடாது என்பதை அமாவாசையும் பௌர்ணமியும் அஷ்டமியும் சொல்லிவிடும்.

முதலில் வெயில் கணக்கு. நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்குள் இருக்கிறோம். சூரியன் தலைக்கு நேரே வருவது மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும்தான். வெயில் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், மாறுவது மழையும் காற்றும். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் கொளுத்தும், பிற்பகலில் இடியோடு கொட்டும். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று திரும்பும். ஊரில் தென்மேற்கு என்றால் குற்றாலச் சாரல். இங்கே அதுதான் வறண்ட காலம். மலாக்கா நீரிணைக்கு அப்பால் உள்ள சுமத்ரா தீவின் மலைகள் காற்றிலுள்ள ஈரத்தை அந்தப் பக்கமே வடித்துவிடுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, டுரியான், ரம்புத்தான் பழங்கள் சாலையோரம் குவியும் நாட்களை, நம் கோடை என்று வைத்துக்கொள்ளலாம். உச்சிவெயில் பன்னிரண்டு மணிக்கு அல்ல, கடிகாரத்தில் ஒன்றேகாலுக்கு. பொழுது சாய்வது ஏழேகாலுக்கு மேல். அதனால் மாலை ஐந்து மணிக்கும் வெயில் உறைக்கும், குழந்தைகளுக்குத் தொப்பி வேண்டும்.

பந்திங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களைத் தாண்டித் தெற்கே போனால் மோரிப் கடற்கரை. முதல்முறை நண்பகலில் வருகிறவர்கள் கடல் எங்கே என்று கேட்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்புச் சேறுதான் தெரியும். அதே இடத்தில் மாலை ஆறு மணிக்குத் தடுப்புச் சுவரில் அலை மோதும். சென்னையில் ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், மிகப் பெரிதாகும்போதும் ஒரு மீட்டர் அளவுதான். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரைத் தாண்டும். மெரினாவில் பழகிய கண் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

கணக்கு இப்படி. ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்குப் பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். ஆகவே நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலையும் மாலையும் ஆறு ஏழு மணி வாக்கில் கடல் நிறைந்திருக்கும், நண்பகல் கழிந்ததும் வற்றிக் கிடக்கும். மிகப் பெரிய ஏற்றம் திதியன்றே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். அங்கிருந்து நாளுக்கு ஐம்பது நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் அஷ்டமி வாக்கில் கணக்கு தலைகீழாகும்: நண்பகலில் ஏற்றம், மாலையில் வற்றம். அப்போது ஏற்றவற்ற வித்தியாசமும் பாதிக்குக் கீழே சுருங்கும். மலாய்க்கார மீனவர்கள் இதை ‘ஆயேர் மாத்தி’, செத்த தண்ணீர், என்பார்கள். பெரிய ஏற்றம் ‘பாசாங் பெசார்’.

நடைமுறைக்கு இதுதான் பொருள். குடும்பத்தோடு மாலையில் கால் நனைக்க வேண்டும் என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சனி ஞாயிறு. சேற்றில் நண்டும் தாவும் மீனும் காட்டப் பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் அஷ்டமி வார மாலை. தண்ணீர் மெதுவாக வரும், அவசரம் இல்லை. அச்சிட்ட ஓத அட்டவணையோ கைப்பேசிச் செயலியோ வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் 5.2 மீட்டர் என்று போட்டிருந்தால் கரையில் ஐந்து மீட்டர் ஆழம் என்று பொருளல்ல. மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஒரு மட்டத்திலிருந்து அளந்த உயரம் அது. எண்ணைவிட, இன்றைய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைப் பாருங்கள். அது பெரிதானால் தண்ணீரின் வேகமும் பெரிது.

வேகம் எல்லா மணி நேரத்திலும் ஒன்றல்ல. வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஆறு மணி நேரம் என்று வைத்தால், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்குங்கள். முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நான்கு மீட்டர் ஏற்றத்தில் அந்த நடு மணிகளில் அரை மணிக்கு அரை மீட்டர் ஏறும். கரை தட்டையாக இருப்பதால் அரை மீட்டர் உயர்ந்தாலே நீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். ஆபத்து முன்னால் இருந்து வருவதில்லை. சேற்றுவெளியில் வாய்க்கால் போன்ற பள்ளங்கள் ஓடும், தண்ணீர் முதலில் அவற்றில்தான் நிரம்பும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்குப் பின்னால் வழி அடைபடும். எனவே சேற்றில் இறங்கினால், வற்றம் அடிமட்டத்தைத் தொட்ட நேரத்திலேயே திரும்பத் தொடங்க வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் என்ற பேச்சே கூடாது.

இந்தச் சேற்றின் குணத்துக்கு வரலாற்றுச் சாட்சியே உண்டு. 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மலாயாவை மீட்க மோரிப்பில் கரையிறங்கின. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். எதிர்ப்பு இல்லை, ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டது. ஆனால் வண்டிகள் மேல்தோல் இறுகிய மணலை நம்பி இறங்கி, அடிச்சேற்றில் புதைந்து நின்றன. இன்றும் காடியையோ (கார்) மோட்டாரையோ (மோட்டார் சைக்கிள்) மணலில் இறக்கினால் அதே கதைதான். மேலே காய்ந்து வெளுத்திருக்கும், ஒரு சாண் கீழே களி. கால் முழங்கால் வரை புதைந்துவிட்டால் மற்றக் காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். பின்பக்கமாக உட்கார்ந்து அல்லது சாய்ந்து உடல் பாரத்தைப் பரப்பி, புதைந்த காலைப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஆட்டுங்கள். காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கினால் பிடி தளரும். செருப்பை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் பழுப்பாக இருப்பது அழுக்கினால் என்று பலர் முகம் சுளிப்பார்கள். பெரும்பகுதி ஆறு கொண்டுவரும் வண்டல்தான். ஆனால் பெருமழை பெய்த மறுநாள் குளிக்க வேண்டாம். சாக்கடையும் அதே வழியில்தான் வந்து சேர்கிறது. கலங்கலில் அடி தெரியாததால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடப்பது நல்லது. திருக்கை இருந்தால் அதிர்வு பட்டு விலகிவிடும், மிதித்தால்தான் முள் பாயும். செம்பிலாங் எனும் கடல்கெளுத்தி வகையின் முள்ளிலும் விஷம் உண்டு, வலையில் செத்துக் கிடந்தாலும் கை வைக்காதீர்கள். இரண்டுக்கும் முதலுதவி ஒன்றே: தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முக்கி வைத்து, பிறகு மருத்துவமனை. சூட்டை வேறொருவர் கை விட்டுப் பார்க்க வேண்டும், குத்துப்பட்டவருக்கு வலியில் தெரியாது. ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்ப்பதும் குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் தவறு, ஒட்டியிருக்கும் கொட்டும் அணுக்கள் மீண்டும் வெடிக்கும். காடியில் ஒரு சிறு போத்தல் வினிகர் வைத்திருங்கள். மூச்சுத் திணறினால் அவசர எண் 999.

வானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விடிகாலையில் மேற்கே கறுப்புச் சுவர் போல மேகம் நின்றால் அது ‘சுமத்ரா’. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று. கூடாரம் போட்டுப் பசியாறிக்கொண்டிருப்பவர்கள் உடனே மூட்டை கட்டிவிட வேண்டும். பிற்பகல் இடிக்கு, மின்னல் கண்டதிலிருந்து முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் காடிக்குள் போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி கழித்து வெளியே வாருங்கள். தட்டைச் சேற்றுவெளியில் நிற்கும் மனிதன்தான் அங்கே உயரமான பொருள்.

ஜூலைக்குப் பிறகு சுமத்ராவின் கரிமண் நிலம் எரிந்தால் புகைமூட்டம் காற்றோடு இங்கே வரும். 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். குறியீடு 100ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்களும் பிள்ளைகளும் கடற்கரையை மறந்துவிட வேண்டும்.

வீடு திரும்பியதும் மோட்டாரை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சங்கிலியும் பிரேக்கும் முக்கியம். ஈரம் காய்ந்த பிறகே சங்கிலிக்கு எண்ணெய், ஈரத்தின் மேல் விட்டால் உப்பு உள்ளேயே தங்கும். வறண்ட வாரங்களில் தண்ணீர் வெட்டுக்குப் பயந்து வாளிகளில் பிடித்து வைப்பீர்கள். மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை கவிழ்த்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.

கரையோரச் சந்தையில் மீன் பெயர்கள் மலாயில்தான் ஓடும். கெம்போங் என்றால் கானாங்கெளுத்தி, தெங்கிரி வஞ்சிரம், பாவால் வவ்வால், சியாக்காப் கொடுவா, செனாங்கின் காலா. ஊரில் அதிகம் பார்க்காதது கெராங், சிவப்பு நீர் கொண்ட சிப்பி. ஒரு கிலோ வாங்கினால், வாய் பிளந்து தட்டியும் மூடாதவற்றை முதலில் எறியுங்கள். மீதியை அகலத் தட்டில் பரப்பி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் வையுங்கள், மண் கக்கும். உப்பில்லாத தண்ணீரில் போட்டால் செத்துவிடும், மண் உள்ளேயே நிற்கும். கடைகளில் வெந்நீரில் ஒரு முக்கு முக்கி இரத்தச் சிவப்பாகத் தருவார்கள், சுவை அதில்தான் என்பார்கள். மஞ்சள்காமாலைக் கிருமி அந்த ஒரு முக்குக்குச் சாகாது. கொதிக்கும் தண்ணீரில் ஓடு திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேகவிட்டு எடுங்கள், வெந்தும் திறக்காததைத் தின்ன வேண்டாம். மிளகும் பூண்டும் இடித்துப் போட்டுத் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி வந்தால் குழம்பு தயார்.