தேதி போட்டுக் கொடுத்த காலம்

எங்கள் கம்பெனியில் இப்போது ஒரு செக் புக் தீர ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முன்பெல்லாம் மாதம் முடிவதற்குள் அடுத்த புத்தகத்துக்கு வங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியே என் வேலைக்காலம் போயிருக்கிறது. நூல் வாங்குவதில் தொடங்கி, பெட்டி கட்டி லாரியில் ஏற்றுவது வரை, செக் கை மாறாத ஒரு கட்டம்கூட அன்று கிடையாது. அது கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்ததைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். பணம் நொடியில் போய்ச் சேர்வதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான். ஆனால் செக்கோடு சேர்ந்து, சின்ன ஆட்களுக்குக் கையில் இருந்த ஒரு பிடியும் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் என்றால் பெரிய பெரிய ஏற்றுமதி கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஒரு பனியன் உருவாகும் வழியைப் பார்த்தால் கதை வேறு. நூல் ஒருவரிடம், நிட்டிங் இன்னொருவரிடம், டையிங் வேறு இடம், துணி சுருங்காமல் இறுக்கும் காம்பாக்டிங் வேறு, பிரிண்டிங் வேறு, தையலுக்கு மோட்டார் மெஷின்கள் ஓடும் பவர் டேபிள், அதற்கப்புறம் செக்கிங், அயர்னிங். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முதலாளி. அவர்களில் பாதிப்பேர் வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு மெஷின் ஓட்டுகிறவர்கள். ஏற்றுமதி செய்கிறவருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருவது சரக்கு கப்பல் ஏறிய பிறகு. அதுவரை இத்தனை பேரும் கடனில்தான் வேலை செய்தாக வேண்டும். அந்தக் கடனைத் தாங்கி நின்றது பின்தேதி போட்ட செக். இன்றைக்கு சரக்கு, நாற்பது அல்லது அறுபது நாள் தள்ளித் தேதி போட்டு இன்றைக்கே செக். ஊரே அப்படித்தான் ஓடியது.

அந்தத் தேதிகளுக்காகவே என் மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் நமக்கு வர வேண்டிய செக்குகள், வலது பக்கம் நாம் கொடுத்தவற்றில் அன்று கணக்குக்கு வரப்போகிறவை. செக் நம்பர், பார்ட்டி, வங்கி, தொகை எல்லாம் இருக்கும். காலையில் கம்பெனிக்கு வந்ததும் டீ வருவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைத் திறந்து, வலது பக்கக் கூட்டுத்தொகைக்கு, இருப்புக்கு மேல் எடுக்க வங்கி அனுமதித்த ஓ.டி. கணக்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் முதலாளிக்குப் போன். அவர் இரண்டு பேருக்குப் போன் போடுவார். அதற்குள் எனக்கு ஒரு போன் வந்துவிடும்: “ஏனுங்ணா, இன்னைக்கு அந்தச் செக்கைப் போட்டுறாதீங்க, நாலு நாள் பொறுத்துக்கோங்க.” பொறுத்துக்கொள்வோம். நமக்கும் அதே போனை இன்னொருவரிடம் போட வேண்டிய நாள் வரும் என்பது தெரியும்.

செக் எழுதுவதே ஒரு வேலைப்பாடு. இடது மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயி’ என்று எழுதி, ‘பேரர்’ என்பதை அடித்துவிட வேண்டும். தொகையை எழுத்தில் எழுதியதும் மீதி இடத்தில் கோடு இழுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு வார்த்தையைச் செருகினால் போச்சு. கீழே இருக்கும் வெள்ளைப் பட்டையில் பேனா முனைகூடப் படக்கூடாது. மெஷின் படிக்கிற எண்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகங்களோடு செக் புக்கையும் வைத்து மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மஞ்சள், வெள்ளைப் பட்டையில் இறங்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நானே எடுத்து ஓரமாக வைப்பேன். அப்புறம் அடிக்கட்டை. செக்கைக் கிழிப்பதற்கு முன்பு அதில் எழுதிவிட வேண்டும். கிழித்த பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டோம்.

முதலாளி ஆர்டர் விஷயமாக வெளியூர் போகும்போது சில தாள்களில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அதை டிராயரில் பூட்டி வைத்துக்கொண்டு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. சாவி என் இடுப்பிலேயே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதைக்கூட அந்த நாட்களில் விட்டுவிடுவேன். இப்போது நான் கணினியில் பணம் அனுப்பும் விவரத்தை ஏற்றினால், அவர் எந்த ஊரில் இருந்தாலும் போனிலேயே ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு எங்கிருந்து வந்தது? 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-வது பிரிவைச் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால் குற்றம். வங்கி ரிட்டர்ன் மெமோ கொடுத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவர் 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் போட்டு ஜெயித்தவர்களைவிட, கேஸ் வரும் என்ற பயத்தால் பணம் வாங்கியவர்கள்தான் அதிகம். பத்து மெஷின் வைத்திருப்பவர் கையில் ஒரு செக் இருந்தால், பெரிய கம்பெனி முதலாளியும் அவருடைய போனை எடுத்தாக வேண்டும்.

2011 ஜனவரி கடைசியில், கழிவுநீர் விஷயத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடினார்கள். துணி சாயத்துக்குப் போக முடியவில்லை, ஆர்டர் நின்றது, நின்ற ஆர்டரை நம்பித் தேதி போட்ட செக்குகள் ஒவ்வொன்றாக நாள் வந்து நின்றன. எனக்கு வர வேண்டியது வராவிட்டால் நான் கொடுத்தது திரும்பும். அது திரும்பினால், அதை வாங்கியவர் நூல்காரருக்குக் கொடுத்தது திரும்பும். அந்த மாதங்களில் என் நோட்டில் சிவப்பு மையில் ‘ரிட்டர்ன்’ என்று எழுதாத பக்கம் அபூர்வம். பல வருடப் பழக்கம் உள்ளவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போனதும் அப்போதுதான். சிலர் மட்டும் நேரில் வந்து உட்கார்ந்து, பழைய செக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதுத் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களோடு இன்றும் தொழில் நடக்கிறது.

செக்கின் இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விட முடியாது. கொங்கு நாட்டில் பைனான்ஸ் இல்லாத தெரு இல்லை. கடன் வாங்கப் போனால் புரோநோட்டோடு, கையெழுத்து மட்டும் போட்ட வெறும் செக்கும் கேட்பார்கள். ஒன்று இல்லை, மூன்று நான்கு. கடனை அடைத்த பிறகும் அந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுக்காமல், வாங்காத தொகையை நிரப்பி வங்கியில் போட்ட கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. மனமுவந்து கொடுத்த வெறும் செக்காகவே இருந்தாலும், கடனுக்காகத்தான் கொடுத்தார் என்ற அனுமானம் கையெழுத்துப் போட்டவருக்கு எதிராகத்தான் நிற்கும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை கையெழுத்துப் போட்டவர் தலையில். அதனால் செக் போனதற்கு யாராவது கும்பிடு போட்டால், அவர் பட்டவர் என்று புரிந்துகொள்வேன்.

செக் ஒரே நாளில் போகவில்லை. 2012 ஏப்ரலில் அதன் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். தாளையே அனுப்பாமல் அதன் படத்தை மட்டும் அனுப்பும் முறை தெற்கே 2011-ல் சென்னையில் தொடங்கியது. அதற்கென்று வந்த புதுச் செக்குகளில், தேதியைத் தவிர வேறு எதையும் அடித்துத் திருத்த முடியாது. ஒரு எழுத்து தப்பினால் தாள் வீண். வெளியூர் செக் கலெக்‌ஷனுக்குப் போய் வாரக்கணக்கில் காத்திருந்த தொல்லை தீர்ந்தது. பிறகு 2016 நவம்பர் 8, பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த நாள். சனிக்கிழமை கூலி கொடுக்கும் ஊரில், கரண்ட் அக்கவுண்டில் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றால் என்ன ஆகும்? டெய்லர்களுக்கும் அவர்களுக்கு உதவும் கைமடிக்காரர்களுக்கும் வங்கிக் கணக்கு தொடங்க அலைந்தோம். கொஞ்ச நாள் செக்குக்கு மறுபடி மவுசு வந்தது. ஆனால் அந்த வருடம் ஏப்ரலில் தொடங்கிய யூபிஐ அதற்குள் டீக்கடைக்கு வந்துவிட்டது. 2019 டிசம்பரில், வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் இருபத்து நாலு மணி நேரமும் ஆனது, அடுத்த டிசம்பரில் பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ்ஸும். 2021 ஜனவரியிலிருந்து 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குக்குப் பாஸிட்டிவ் பே வந்தது. செக் கொடுத்த பிறகு, அதன் விவரத்தை நாமே வங்கிக்கு மறுபடி சொல்லும் ஏற்பாடு அது; பெரிய தொகைகளுக்கு வங்கிகள் அதைக் கட்டாயமாகவும் ஆக்கலாம். அந்த நேரத்தில் பணத்தையே அனுப்பிவிடலாமே என்று முதலாளி சொன்னார். அதோடு எங்கள் கம்பெனியில் செக் புக் அலமாரிக்குள் போனது. 2025 அக்டோபர் 4 முதல் காலையில் போட்ட செக் அன்றைக்கே பாஸ் ஆகிறது. அந்த வேகம் வரும்போது செக் எழுத ஆளில்லை.

எங்கள் சரக்கு போகும் நாடுகளிலும் இதே கதைதான். 2018-ல் செக்கை நிறுத்திவிடுவோம் என்று இங்கிலாந்தில் 2009-லேயே அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2011-ல் பின்வாங்கினார்கள். அமெரிக்க மத்திய அரசு 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு காகித செக் அனுப்புவதை அனேகமாக நிறுத்திவிட்டது.

சரி, போன பிடி என்ன என்று சொல்கிறேன். எங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு அவரே எடுத்து நடத்துகிறார். முன்பு பில்லோடு வருவார், தேதி போட்ட செக்கை வாங்கி, மடிக்காமல் பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போவார். என்றைக்குப் பணம் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதை நம்பி ஊசி, நூல்கண்டு கடைக்காரரிடம் சொல்வார். அவசரம் என்றால் அந்தச் செக்கைக் காட்டித் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்குவார். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலமே போன் வருகிறது. “ஏனுங்ணா, நாளைக்குக் கூலி குடுக்கோணுமுங்க, ஏதாச்சும் போட்டு உடுங்ணா.” ஏதாச்சும் போட்டுவிடுகிறோம். ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று துண்டு துண்டாக. மீதிக்கு ‘ஜிபே பண்ணிடறோங்க’ என்ற வார்த்தைதான். அந்த வார்த்தைக்குத் தேதி இல்லை, கையெழுத்து இல்லை, 138 இல்லை. அவருக்குச் சேர வேண்டியதை அவரே வாரா வாரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வலுவானவர்கள் மட்டும் செக்குக்குப் பதில் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டார்கள். மெஷின் லோன் கொடுக்கும் கம்பெனி, கணக்கிலிருந்து நேரே பணம் எடுத்துக்கொள்ள அதே அக்காவிடம் இ-நாச் ஒப்புதல் வாங்கி வைத்திருக்கிறது. மாதத் தவணை தானாகப் போகிறது. பணம் இல்லாமல் திரும்பினால், பணம் செலுத்தும் முறைகள் பற்றிய 2007-ம் வருடத்துச் சட்டத்தின் 25-வது பிரிவு பாயும். தண்டனை 138-ல் உள்ளதே. அவர் கொடுக்க வேண்டியதற்குத் தேதியும் உண்டு, சட்டமும் உண்டு. அவருக்கு வர வேண்டியதற்கு அப்படி ஒன்றும் கைவசம் இல்லை. எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. சிறு, குறு தொழில் செய்கிறவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்த பிறகு, கெடு தாண்டியும் கொடுக்காமல் வருடக் கடைசியில் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவில் கழிக்க முடியாது. 2024 மார்ச்சில் திருப்பூரில் கணக்கு எழுதும் எல்லோருக்கும் அதே பேச்சுத்தான். ஆனால் இதெல்லாம் நடைமுறையில், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருந்தால்தான் நிற்கும். பல பவர் டேபிள்காரர்களிடம் அந்தப் பதிவு இல்லை. அந்த அக்காவுக்கு எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தோம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது.

அதோடு, ஜாப் ஒர்க் ஆர்டரிலேயே ‘பணம் தரும் தேதி’ என்று ஒரு கட்டம் அடிக்கச் சொன்னேன். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “கையைக் கட்டிப் போடறீங்களே” என்றார். “செக்கு குடுத்தப்பவும் கட்டித்தானுங்ணா இருந்துச்சு” என்றேன். தையலுக்கும் செக்கிங்குக்கும் மட்டும் சரி என்றார். இப்போது அந்தத் தேதிக்கே வங்கித் தளத்தில் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுகிறேன். நாள் வந்தால் தானாகப் போகிறது. ஒரு குறைதான் பாக்கி. அப்படி ஏற்றி வைத்ததை நாங்கள் நினைத்தால் ரத்து செய்யலாம், வாங்க வேண்டியவருக்கு அது தெரியவே தெரியாது. ஏற்றியதும் அவர் போனுக்கு ஒரு தகவல், ரத்து செய்தால் இன்னொரு தகவல் போகும்படி வங்கிகள் செய்து கொடுக்க வேண்டும். எங்கள் கிளையில் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.