வடகடல் புல் தென்கடலுக்குப் போன கதை

மண்டபத்துக்கு வடக்கே நாலு வருஷம் கடற்புல் எண்ணினேன். அரை மீட்டர் பிவிசி சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கிற தண்டுகளை முங்கி முங்கி எண்ணுகிற வேலை. ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா தளத்தில் ஏறிவிட்டது, அதோடு விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன். கட்டுரையை ஏற்ற இதழ் விடவில்லை. "தரவு வேண்டுவோர் ஆசிரியரைக் கேட்டுப் பெறலாம்" என்று எல்லாரும் போடுகிற வரி இனிமேல் செல்லாதாம். பொதுக் களஞ்சியத்தில் ஏற்றி, அதற்குக் கிடைக்கிற டிஓஐ எண் (மாறாத இணைய அடையாள எண்) கொடு, பத்து நாள் தவணை என்றது.

பல்கலைக்கழகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட, முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பிரிவு எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டேட்டான்னா? அதான் தீசிஸ் சிடி குடுத்தாச்சுல்ல, அதுல இருக்குமே." சிடியில் இருந்தது பிடிஎஃப். அதில் இருப்பதோ சராசரிகள் மட்டும். நான் சொன்னது ஆயிரத்துச் சொச்சம் வரிசைகள். "திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை போனால் கண்காணிப்பாளர் லீவு. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நெறியாளருக்குப் போன் போடத் தோன்றியது. "நீ எடுத்த அளவு, உதவித்தொகை விதியிலயும் தடை இல்ல. சம்மதம்னு மெயில் போட்டுடறேன்." ரெண்டு நாள் வீண். பஸ் ஏறுமுன் நெறியாளரைக் கேளுங்கள், உதவித்தொகைக் கடிதத்தைப் படியுங்கள்.

அடுத்த வம்பு பாமினி, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. முதல் ரெண்டு வருஷம் இடப்பெயர்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்துக் கோப்பாக ஆக்கியதும் மண்டபம், பாம்பன் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. எழுத்துரு மாற்றியில் போட்டு, யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தைத் தேர்ந்து சேமித்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க ஒன்றரை நாள். சரிபார்க்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடினால், உப்புக்காற்றில் அது எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. கைகொடுத்தது களக் குறிப்பேடுதான். பேனாவில் எழுதிய பக்கங்கள் நீலக் கறை. பென்சில் பக்கங்கள் மணல் ஒட்டியபடி அப்படியே இருந்தன.

என்னைக் கடலுக்குக் கூட்டிப்போன வத்தை (சின்னப் படகு) ஓட்டுகிற அண்ணனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, அட்டை கெடக்குற எடத்தையும் போடுவீகளா?"

அது எனக்கு உறைக்கவே இல்லை. சட்டத்துக்குள் கடல் அட்டை தென்பட்டால் அதையும் எண்ணி வைத்திருந்தேன். 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை, ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கிற கோப்பில் அதன் இருப்பிடத்தைப் போடுவது திருடனுக்கு வழி வரைந்து கொடுப்பதுதான். அட்டை எண்ணிக்கையைத் தனிக் கோப்பாக்கி, அதில் மட்டும் அட்சரேகை தீர்க்கரேகையை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினேன். சுமார் 11 கிலோமீட்டர் மங்கலாகிவிடும். சுருக்கியிருக்கிறேன் என்பதை விளக்கக் கோப்பில் எழுதிவைத்தேன், அதை எழுதாவிட்டால் பின்னால் வருகிறவர் அதையே துல்லியம் என்று நம்புவார்.

செனோடோ என்கிற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியது பத்து நிமிஷம். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்துவது, காசு கிடையாது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை விடுவார்கள், என்னுடையது 3 எம்பி. பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற சிசி பை 4.0 உரிமம் தேர்ந்து, ஒன்பதாம் நாள் ராத்திரி வெளியிட்டேன். டிஓஐ வந்தது, இதழுக்கு அனுப்பினேன், கட்டுரையும் வந்துவிட்டது.

பெருமையாக அண்ணனிடம் போனில் வரைபடத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "என்ன தம்பி, வடகடல்ல முங்குனதத் தென்கடல்ல போட்டிருக்கீக?"

புள்ளிகளெல்லாம் முயல் தீவுக்கும் தெற்கே, மன்னார் வளைகுடாவில் நின்றன. ஜிபிஎஸ் காட்டியது 9 பாகை 17.5 கலை. அதை நான் 9.175 என்று அடித்திருக்கிறேன். கலையை 60-ஆல் வகுத்தால் 9.2917. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இருக்க வேண்டிய புல் 13 கிலோமீட்டர் தெற்கே போய்விட்டது. ஆய்வேட்டில் வரைபடத்தைக் கையால் குறித்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. நெறியாளர், தேர்வாளர், இதழின் மதிப்பீட்டாளர்கள், ஒருவரும் பிடிக்காததை அவர் பிடித்தார்.

வெளியிட்டு நாளான பதிவில் கோப்பை நாமாக மாற்ற முடியாது. புதிய பதிப்புதான் ஏற்ற வேண்டும், அதற்குத் தனி டிஓஐ. எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒரு டிஓஐ உண்டு, அது எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கூட்டிப்போகும். ஆனால் கட்டுரையில் அச்சானது முதல் பதிப்பின் எண். அந்தப் பக்கத்துக்குப் போகிறவருக்குப் புதுப் பதிப்பு இருப்பதாக ஓர் அறிவிப்பு தெரியும், அவ்வளவுதான். வெளியிடும் பொத்தானை அமுக்குமுன் புள்ளிகளை வரைபடத்தில் போட்டு, அந்தக் கடலில் புழங்குகிற ஒருத்தரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் பதிப்பில் அண்ணனின் பெயரைப் பங்களிப்பாளராகச் சேர்த்தேன். "இன்ஷியல் ரெண்டு எழுத்து, மாத்திப்புடாதீக" என்றார்.

முதல் பதிப்பை அதற்குள் மூன்று பேர் இறக்கியிருக்கிறார்கள். யாரென்று பார்க்க வழியில்லை.