வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்

அம்மா போய்ச் சில வருடங்களில் அப்பாவும் போய்விட்டார். மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இனி நான், தங்கச்சி, அப்பாவைப் பெற்ற அப்பத்தா மூவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் அலைச்சல் ஆரம்பித்தது.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் சிரமமில்லை. இறப்புச் சான்றிதழில் பெயர் ஆதாரோடு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அப்புறம் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு. அம்மாவின் இறப்புச் சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும், மனைவியும் வாரிசு என்பதால். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்த பிறகே தாசில்தாரிடம் போகும்.

அலைந்த இடத்தில் ஒருவர், "ஆம்பளப் பிள்ளை இல்லையாம்மா? சித்தப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பா இருந்தவரை நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என் தங்கச்சிதான் பதில் சொன்னாள்: "அவர் எதுக்கு சார்? நாங்க ரெண்டு பேரு, அப்பத்தா. வாரிசு அவ்வளவுதான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் சொன்னது சரி. வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்தது, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கு உள்ள அதே உரிமை இறந்தவரின் தாய்க்கும் உண்டு. பல வீடுகளில் இது தெரியாமலே போகிறது. சான்றிதழில் தன் பெயரைக் கேட்டதும் அப்பத்தா, "புள்ள சொத்துக்கு நான் வாரிசா, இந்தக் கொடுமைக்கா உசுரோட இருக்கேன்" என்று அழுதார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவரிடம் இப்போதே விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடச் சொன்னவர்கள் உண்டு. நாங்கள் கேட்கவில்லை. வயதான காலத்தில் அவருக்கென்று ஒரு பிடிமானம் வேண்டும். கூட்டுப் பட்டாவுக்கு மூன்று பேரும்தான் மனு கொடுத்தோம்.

அப்பாவின் சிம்மை உடனே விட்டுவிடாதீர்கள். கேஸ் பதிவு, ரேஷன் கார்டு ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வந்தன. தங்கச்சிதான் ரீசார்ஜ் செய்கிறாள். வேலை முடிந்தாலும் அதை விட அவளுக்கு மனமில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியாக யாரைப் போடுவது என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். அப்பத்தா என் பெயரைச் சொன்னார். கரண்ட் இணைப்பு மட்டும் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. பட்டா வந்ததும் அதையும் மாற்ற வேண்டும்.