பெக் காட்டிய கோடு

"பெக் இல்லாத தட்டுல வராத கோடு, பெக் போட்ட தட்டுல வருதுன்னா, அது சீரத்துல இருந்ததா, நாம ஊத்தினதா மேடம்?"

ராயபுரம் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். பெக் என்பது பாலிஎத்திலீன் கிளைக்கால், புரதங்கள் படிய ஜெல்லில் சேர்ப்பது. "இருக்கறதைத்தாம்மா அது காட்டும்" என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

நுரையீரலில் பழைய டிபி விட்டுப்போன குழிக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் டபுள் டிஃப்யூஷன் சோதனை அது. ஜெல் தட்டில் வெட்டிய ஒரு குழியில் பூஞ்சையின் ஆன்டிஜென், இன்னொன்றில் நோயாளியின் சீரம்; சீரத்தில் அதற்கான ஆன்டிபாடி இருந்தால், இரண்டும் பரவிச் சந்திக்கும் இடத்தில் கோடு விழும். பெக் 6000-இன் நீளச் சங்கிலிகள், தண்டையார்பேட்டை காலை பஸ்ஸில் மூட்டையோடு ஏறியவர்கள் மாதிரி, இடத்தை அடைத்துக்கொள்ளும். புரதங்கள் நெருக்கப்படும். ஆன்டிஜெனும் ஆன்டிபாடியும் சேர்ந்த பின்னல் கரைந்திருக்க வழியில்லாமல் படியும். இல்லாத ஆன்டிபாடியை பெக் உண்டாக்காது. அந்த அளவில் நான் சொன்னது சரிதான்.

ஆனால் அளவு மீறினால் கதை வேறு. ஜெல்லில் 3 சதவீதம் போதும். 5-ஐத் தாண்டினால் இம்யூனோகுளோபுலின், அதாவது சீரத்தின் ஆன்டிபாடிப் புரதம், தானாகவே படிந்து, ஜெல் குழியைச் சுற்றி வெள்ளை மூட்டம் போடும். ஜெல்லாக உறையும் அகரோஸை 2 சதவீதத்தில் தனியாக உருக்கி, 6 சதவீத பெக் கரைசலையும் 60 டிகிரிக்குச் சூடாக்கி, சரிபாதியாகக் கலக்க வேண்டும். பெக் ஆறியிருந்தால் ஜெல் கட்டிகட்டியாக உறையும். அதே தட்டில் நார்மல் சீரத்துக்கும் ஒரு குழி கட்டாயம்.

மூட்டமெல்லாம் சலைனில் ஊறப்போட்டால் கரைந்துவிடும். உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சிஆர்பி புரதம் அதிகமுள்ள சீரம், பூஞ்சையின் சி-பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலியோடு கால்சியம் துணையில் போடும் பொய்க்கோடு, 5 சதவீத சோடியம் சிட்ரேட்டில் போகும். பிறகுதான் கோட்டுக்குச் சாயமேற்றும் கூமாசி நீலம். இவ்வளவுக்கும் தாங்கினால் நிஜக்கோடு என்போம். சிக்கல் இங்கேதான்: பலவீனமாக ஒட்டிய நிஜமான பின்னலும், பெக் வெளியேறியதும் கழுவலில் கரையக்கூடும். அப்படியானால் மிஞ்சியதை மட்டும் நம்புவது எப்படி நியாயம்?

அன்றைய கோடு கழுவலைத் தாங்கியது. பக்கத்து பாசிட்டிவ் கன்ட்ரோல், அதாவது ஆன்டிபாடி உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த சீரம், போட்ட கோட்டோடு வளைந்து இணைந்திருந்தால் பேச்சே இல்லை, ஆனால் தொடுமுன் மங்கிவிட்டது. 'ஐயத்துக்குரியது, மறுமாதிரி தேவை' என்று எழுதினேன். வார்டில் கேட்பது ஆமா, இல்லையா என்பதைத்தான், எனக்கும் தெரியும்.

"அப்போ பெக் இல்லாத தட்டு எதுக்கு மேடம்?"

ஒப்பிடத்தான். சீரத்தை மூன்று மடங்கு செறிவாக்கி அந்தச் சாதா ஜெல்லிலேயே ஓட்டினால் கொஞ்சம் தெளிந்திருக்கும். டியூபில் மிச்சமிருந்தது அதற்குப் போதவில்லை.