குடும்பப் பெயர் இல்லாத ஊரில் முன்னோரைத் தேடியது

ஜெர்மனியில் முன்னோரைத் தேடக் கிளம்புகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போ என்பதுதான். என் கணவர் வீட்டு விஷயத்தில் அது 1811 வரைக்கும்தான் செல்லுபடியானது. அவர்கள் குடும்பப் பெயர் யான்சென். 1811-க்கு முன்னால் அவர்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒரு குடும்பமே கிடையாது.

அவர்களுக்குப் பூர்வீகம் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட். வடகடல் ஓரம், நெதர்லாந்தை ஒட்டிய பகுதி. எம்டன் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், க்ரும்ஹோர்னில் ஒரு சின்ன கிராமம். ஆமாம், 1914-ல் சென்னையில் குண்டு போட்ட கப்பலுக்குப் பெயர் கொடுத்த அதே எம்டன்தான். அந்தக் கப்பலில் உயிர் தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பெயர் விஷயத்தில் இந்த நாட்டில் என்னென்னவோ நடந்திருக்கிறது.

மாமனார் எழுபது தாண்டியதும், "எங்க தாத்தாவுக்கு மேலே எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்று ஆரம்பித்தார். மருமகளுக்குத்தான் பொறுமை அதிகம் என்று மாமியார் சொல்லிவிட்டார். வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் வீட்டில் இருக்கும் காகிதங்களை எல்லாம் மேஜையில் போட்டோம். கல்யாணச் சான்றிதழ், ஒரு ராணுவ அடையாளப் புத்தகம், அப்புறம் ஒரு ஆனென்பாஸ். நாஜி ஆட்சியில், தன் முன்னோரில் யூதர் இல்லை என்று நிரூபிக்க மக்கள் நிரப்பி வைத்திருந்த புத்தகம் அது. 1933 ஏப்ரலில் வந்த சட்டத்துக்குப் பிறகு அரசு வேலைக்கு அந்த நிரூபணம் தேவைப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்குப் பக்கத்திலும் பாதிரியாரோ பதிவாளரோ முத்திரை குத்தியிருக்கிறார். மாமனார் அதை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனார். அந்தப் புத்தகம் எதற்காக உண்டானது என்று தெரிந்துகொண்டே, அதிலிருந்த தேதிகளை நான் நோட்டில் எழுதினேன். ஆராய்ச்சிக்கு அது ரொம்ப உபயோகம். இங்கே பல வீடுகளில் தேடல் இதிலிருந்துதான் தொடங்குகிறது. இதைச் சொல்லத்தான் யாரும் விரும்புவதில்லை.

அடுத்தது ஷ்டாண்டஸ்அம்ட், அதாவது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். இந்தப் பகுதி அப்போது அடங்கியிருந்த பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும் ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரியிலும் அரசுப் பதிவு தொடங்கியது. பிறப்புப் பதிவு 110 வருஷம், கல்யாணம் 80, இறப்பு 30 வருஷம் அலுவலகத்தில் இருக்கும். அதற்குள் என்றால் நேரடி வாரிசுகள் போன்ற சிலருக்குத்தான் நகல் தருவார்கள். என்னைப் போன்ற மருமகள் என்றால் மாமனாரிடம் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். காலம் தாண்டிய பதிவேடுகள் ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், அங்கே யாரும் பார்க்கலாம். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதில்தான் சிக்கல். க்ரும்ஹோர்னில் 19 கிராமங்களை 1972-ல் ஒரே ஊராட்சியாக இணைத்துவிட்டார்கள். பழைய சான்றிதழில் இருக்கும் அலுவலகம் இப்போது இல்லை. இதற்குக் கணினி வம்சாவளிச் சங்கமான கோம்ப்கென் நடத்தும் ஊர்ப்பெயர் அட்டவணை கைகொடுத்தது. ஒரு கிராமம் எந்த வருஷத்தில் எந்தத் திருச்சபைக்கும் எந்த நிர்வாகத்துக்கும் உட்பட்டிருந்தது என்று இலவசமாகவே பார்க்கலாம்.

1874-க்கு முன்னால் என்றால் தேவாலயப் பதிவேடுதான். கூர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டது தனிக் கூத்து. அந்தக் கையெழுத்தில் e-யும் n-னும் ஒரே மாதிரி இரண்டு கோடு. u-வுக்கு மட்டும் தலையில் ஒரு சின்ன வளைவு போடுவார்கள், அது இல்லாவிட்டால் அதுவும் n-தான். ஒருவழியாகக் கண் பழகி இன்னும் பழைய பக்கங்களுக்குப் போனால், மொழி டச்சுக்கு மாறிவிட்டது. இந்தப் பகுதி சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது; அங்கே 19-ஆம் நூற்றாண்டு வரை கோயிலில் டச்சுதான்.

இதற்கிடையில் காசு கட்டும் ஒரு வம்சாவளித் தளம், எங்கள் யான்சென்களை எங்கேயோ இருந்த ஒரு கோட்டைத் தலைவரோடு முடிச்சுப் போட்டு மரம் வரைந்து கொடுத்தது. மாமனார் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார். ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்டில் யான்சென் என்பது நம்மூரில் முருகன் மாதிரி. பெயர் ஒத்துப்போகிறது என்று உறவு கொண்டாடினால் மாவட்டமே சொந்தம்தான்.

அப்புறம்தான் அவுரிஷ் நகரத்தில் இருக்கும் உப்ஸ்டால்ஸ்பூம் சங்கத்தை அணுகினோம். இந்த வட்டாரத்து வம்சாவளிக்கு என்றே இருக்கும் சங்கம். ஊர் ஊராக தேவாலயப் பதிவேடுகளைப் பிரித்துக் குடும்பம் குடும்பமாக அடுக்கி, ஓர்ட்ஸ்ஸிப்பன்பூக் என்ற ஊர்க் குடும்பப் புத்தகங்களாகப் போடுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண். நட்சத்திரம் போட்டிருந்தால் பிறப்பு, அலைக்கோடு ஞானஸ்நானம், கோத்த இரண்டு வளையம் கல்யாணம், சிலுவை இறப்பு.

சங்கத்து ஆட்களோடு உட்கார்ந்தால் முதலில் டீ. கோப்பையில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி, அதன்மேல் சூடான டீ ஊற்றும்போது அது விரிசல் விடும் சத்தம் கேட்க வேண்டும். ஓரத்தில் க்ரீம் விட்டு, கலக்காமல் குடிக்க வேண்டும். போதும் என்றால் கோப்பைக்குள் கரண்டியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். டீத்தூள் பெரும்பாலும் அஸ்ஸாம் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

எங்கள் அட்டவணையைப் பார்த்த பெரியவர் குடும்பப் பெயரைத் தொடவே இல்லை. "மூத்த பையன் பேர் என்ன? ரெண்டாவது பையன்? பொண்ணுங்க பேர் சொல்லுங்க" என்று கேட்டார். என் கணவர் விழித்தார். எனக்கு உடனே பிடிபட்டது. அந்த ஊரில் அப்பா பேர்தான் பிள்ளைக்கு இரண்டாவது பேர். யான் என்பவருக்குப் பிறந்த ஹார்ம், ஹார்ம் யான்சென். அவர் பையனுக்குத் தாத்தா பெயர் வைத்தால் அவன் யான் ஹார்ம்ஸ். மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர். பெண்களுக்கும் இதேபோல் பாட்டிகள் பெயர். இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இனிஷியலை விரித்து பாஸ்போர்ட்டில் எழுதியதால், இங்கே தபால்காரர் வரைக்கும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

1810-ல் அந்தப் பகுதியை நெப்போலியன் பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஆகஸ்டில், எல்லாரும் நிரந்தரக் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிய வேண்டும் என்று ஆணை. பலர் அப்போது தங்களுக்கு இருந்த அப்பா பெயரையே அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். எங்கள் யான்சென் அப்படி வந்ததுதான். ஆணை வந்ததும் வழக்கம் நின்றுவிடவும் இல்லை, பல வருஷம் இரண்டும் கலந்தே ஓடியது.

ஆக, 1811-ல் பதிந்தவரின் அப்பா பெயர் யான். எந்த யான்? அந்தக் காலத்தில் அதே கிராமத்தில் வயது பொருந்துகிற யான்கள் மூன்று பேர். ஊர்ப் புத்தகத்திலும் அந்த இடத்தில் கேள்விக்குறிதான். பிள்ளைகள் பெயரை வரிசையாக எழுதினோம். மூத்தவன் யான், அது எதிர்பார்த்ததுதான், உதவாது. இரண்டாவது மகள் பெயர் ஸ்வான்ட்யே. மூன்று யான்களில் ஒருவருக்கு மட்டும்தான் அந்தப் பெயரில் மனைவி. பெரியவர் சிரித்துவிட்டு, "இது துப்பு, ஆதாரம் இல்லை" என்றார். ஆதாரம் பிறகு 1811-ல் பெயர் பதிந்தவருடைய இறப்புப் பதிவில் கிடைத்தது. பெற்றோர் இருவர் பெயரும் அதில் இருந்தன. திருத்தத்தைப் புத்தகம் தொகுத்தவருக்கு எழுதி அனுப்பினோம்.

அந்தப் பக்கங்களில் என்னை நிறுத்தியது வேறு ஒன்று. அந்த யானின் தம்பிக்கு இரண்டு கல்யாணம். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். இரண்டாவது மனைவி பெற்ற முதல் பெண்ணுக்கு வைத்த பெயர், இறந்துபோன முதல் மனைவியின் பெயர். அந்த ஊரில் அது வழக்கம்தான் என்றார்கள். இரண்டாமவள் தினமும் அந்தப் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிட்டிருப்பாள். மாமியாரிடம் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "நல்ல பொம்பளை" என்றார்.

2025 மே மாதத்திலிருந்து ஜெர்மன் பெயர்ச் சட்டம் மாறி, ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்காரர்கள் போன்ற ஃப்ரீஸிய இனத்தவர் பழையபடி அப்பா அல்லது அம்மா பெயரிலிருந்து குடும்பப் பெயர் அமைத்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறது. மாமனார் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வெட்டி அட்டவணையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது, மாமனாரின் கொள்ளுத்தாத்தாவோடு பிறந்து அமெரிக்காவுக்குப் போனவரை. ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்டிலிருந்து ஏராளமானோர் அயோவா, இல்லினாய் பக்கம் போயிருக்கிறார்கள். மின்னசோட்டாவில் அவர்கள் வம்சாவளிக்கென்றே ஒரு சங்கமும் இருக்கிறது. அவர் அங்கே யான்சென்னாகவே இருந்தாரா, ஜான்சன் ஆகிவிட்டாரா என்பதுதான் கேள்வி. மாமனார் யான்சென் என்று பந்தயம் கட்டியிருக்கிறார், நான் ஜான்சன் என்று.