விழாத வீட்டையும் எழுத வேண்டும்

நிலநடுக்கம் வந்த ஊர்களுக்குப் படிவத்தோடு போய், வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. கருவி ஒரே எண்ணைச் சொல்லிவிடும். அது பூமிக்கடியில் வெளிப்பட்ட ஆற்றலின் கணக்கு. அந்த ஆட்டம் எந்த ஊரை என்ன செய்தது என்பதை 1 முதல் 12 வரையிலான தீவிர அளவுகோலில்தான் குறிக்கிறோம். நான் பயன்படுத்துவது 1998-இல் வந்த ஐரோப்பிய அளவுகோல்.

கேள்வி கேட்பதில்தான் சூட்சுமம். “சுவர் ஆடியதா?” என்றால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும். அதனால் “அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று தொடங்குவேன். ஜன்னலும் பாத்திரமும் கிலுகிலுத்ததோடு சரி என்றால் 4. தூங்கியவர்களில் பலர் விழித்துக்கொண்டால் 5. நிறையப் பேர் பயந்து வெளியே ஓடியிருந்தால் 6. எந்த மாடியில் இருந்தார் என்பதையும் கேட்டாக வேண்டும். உயரத்தில் இருப்பவருக்கு ஆட்டம் கூடுதலாகத் தெரியும்.

அப்புறம் சுவர். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பேன். உள்ளே தூசியும் ஒட்டடையும் பழைய பெயிண்ட்டும் இருந்தால் அது முன்பே இருந்தது. விளிம்பு கூராக, காரை வெளுப்பாக இருந்தால் புதிது. நிவாரணம் கிடைக்குமோ என்ற நினைப்பில் பழைய விரிசலைக் காட்டுபவர்களும் உண்டு; அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

மண்சுவர் விழுந்ததும் கம்பி கட்டிய கான்கிரீட் விழுந்ததும் ஒன்றல்ல. பலவீனமானது முதல் உறுதியானது வரை கட்டடங்களை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை பிரித்துவிட்டுத்தான் சேதத்தை எண்ண வேண்டும். இடிந்த ஒரு வீட்டைப் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். பக்கத்தில் கீறல்கூட இல்லாமல் நிற்கும் வீடுகளை எழுதாமல் விட்டால் அந்த ஊரின் எண் தப்பாகிவிடும்.

தூரத்தை மட்டும் நம்பக் கூடாது. 1985-இல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் நொறுங்கியது. பழைய ஏரிப்படுகையின் களிமண் அதிர்வைப் பெருக்கியது; அதன் தாளத்தோடு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் அடிபட்டன.

கடைசியில் அலுவலகத்தில் எப்போதும் ஒரே வாக்குவாதம். ‘ஆறரை’ என்று போடச் சொல்வார்கள். அளவுகோலில் பாதி என்பதே கிடையாது. ஆறா ஏழா என்று முடிவுக்கு வர முடியாவிட்டால் ‘6-7’ என்று எழுதலாம். இரண்டில் ஒன்று என்று அர்த்தம். நான் அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவேன்.